கருவி வழி வந்த குரல்

யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அன்று தொழுகைக்கூடத்தில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். அதற்கு ஷோஃபார் என்று பெயர். ஊதுவதற்கு முன் சொல்லும் துதியில், இறைவன் இட்ட கட்டளை ஷோஃபாரின் ஒலியைக் கேட்பதே என்று வருகிறது. ஊதுவதைப் பற்றி அதில் பேச்சில்லை. ஊத ஒருவர் போதும், கேட்கும் கடமையோ கூடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு. கடமை காதின்மேல் விழுந்துவிட்டதால், எது கேட்டதாகும், எது ஆகாது என்று நுணுகிப் பார்க்கும் தேவை அந்த மரபின் அறிஞர்களுக்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. குழிக்குள்ளோ நிலத்தடித் தொட்டிக்குள்ளோ பெரிய சாடிக்குள்ளோ ஷோஃபாரை ஊதினால், கொம்பின் ஒலியைக் கேட்டவருக்குக் கடமை நிறைவேறியது. எதிரொலியை மட்டும் கேட்டவருக்கு நிறைவேறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குழியின் இடத்துக்கு மைக்ரோஃபோன் வந்தது, தொலைபேசி வந்தது, கடைசியில் காதுக்குள்ளேயே பொருந்தும் சிறு கருவியும் வந்தது. காது மிஷின் போட்டுக்கொண்டு ஷோஃபாரைக் கேட்டவர் ஷோஃபாரைக் கேட்டவர்தானா?

இல்லை என்றார் ஜெருசலேமில் வாழ்ந்த ரபி ஷ்லோமோ ஸல்மான் ஆவர்பாக் (1910–1995). மின்சாரத்தைப் பற்றித் தெரியாமல் சொன்ன தீர்ப்பன்று அது. மின்சாரமும் ஓய்வுநாள் சட்டமும் சந்திக்கும் இடங்களைப் பற்றி இளம் வயதிலேயே, 1935இல், தனி நூல் எழுதியவர் அவர். அவருடைய வாதம் தெளிவானது. வாயோ கொம்போ காற்றில் எழுப்பிய அதிர்வு, கருவியின் மைக்ரோஃபோன் சவ்வைத் தொட்டதோடு முடிந்துபோகிறது. அதன்பின் ஓடுவது மின்னோட்டம். மறுமுனையில் வேறொரு சவ்வு அதிர்ந்து புதிதாக ஓர் ஒலியை எழுப்புகிறது. காதில் விழுவது அந்தச் சவ்வின் ஒலி. குரலை ஒத்திருந்தாலும் அது குரல் ஆகாது. இதை எழுதிய இடத்திலேயே, தமக்கு மூத்த பேரறிஞர் ஹஸோன் ஈஷ் வேறுவிதமாக நினைத்ததையும் அவர் மறைக்காமல் பதிவு செய்கிறார். பேசுபவரால் உண்டாகி அந்தக் கணமே கேட்கப்படும் ஒலியை அவருடைய குரலாகவே கொள்ள இடமுண்டோ என்பது ஹஸோன் ஈஷின் எண்ணம். நியூயார்க்கில் இருந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைனும் (1895–1986) மைக்ரோஃபோன் வழியே, காதால் கேட்டாக வேண்டிய இன்னொரு வாசிப்பான எஸ்தர் சுருளைக் கேட்பது செல்லலாம் என்ற பக்கம் சாய்ந்தார், ஆனால் அதைப் புது வழக்கமாக ஆக்கிவிட வேண்டாம் என்றார். கருவியில்லாமல் கொம்பொலி ஓரளவு கேட்குமென்றால், ஊதும் வேளையில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று இன்றும் பலருக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. ஆவர்பாக்கின் தீர்ப்பைக் கல்நெஞ்சமென்று நான் எண்ணவில்லை. முடிவு இனிக்கவில்லை என்பதற்காக வாதத்தை வளைக்காத நேர்மை அதில் இருக்கிறது. ஆனாலும் கேட்டல் எங்கே நிகழ்கிறது என்பதில் அவர் தவறிவிட்டார் என்று நினைக்கிறேன். மூலத்துக்கு உண்மையாக இருக்கும் ஒலியே கேட்டதாகும் என்ற அவருடைய அக்கறை மட்டும் சரியானது. அந்த அக்கறையைப் பிடித்துக்கொண்டே போனால், குரலின் மெய்ம்மை பெரும்பங்கு கருவியை அன்றாடம் பேணும் கைகளில் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேருவோம்.

இதை அயலாரின் சட்ட நுணுக்கம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. குரு சீடனின் வலக்காதில் மந்திரத்தை ஓதுகிறார். தேவாரத்தைப் பாடுவதும் பாடக் கேட்பதும் சேர்ந்ததே வழிபாடு. ஜும்ஆ நாளில் குத்பா நடக்கும்போது பேசாமல் செவிகொடுத்திருப்பது கடமை. ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் நம்பிக்கையின் பிறப்பிடத்தைக் காதில் வைக்கிறார். வள்ளுவர் கேள்விக்கென்று 42ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, படிப்பில்லாதவருக்கும் திறந்த வழியாக அதைக் காட்டுகிறார். காதுக்கு இத்தனை பெருமை கொடுத்த மரபுகள் காது கேளாதவரை அதே வேகத்தில் வெளியே தள்ளியும் இருக்கின்றன. பிறவியிலேயே காது கேளாதவருக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை என்றது மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம்; சோறும் துணியும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்று அடுத்த சுலோகத்தில் சேர்த்துக்கொண்டது. இத்தகைய விலக்குகளைப் பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் போட்டு நீக்க 1928 வரை ஆயிற்று. கேட்கவும் பேசவும் இயலாதவரை மிஷ்னாவும் சிறுவரோடும் சித்தம் கலங்கியவரோடும் ஒரே வரிசையில் நிறுத்திக் கட்டளைகளிலிருந்து விலக்கியது. காது மிஷின் போட்டவரை ஆவர்பாக் அந்த வரிசையில் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பேசக்கூடியவர் அதில் வரமாட்டார். ஆனால் நாள் முழுதும் கேட்டுக்கொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் இருக்கிற ஒருவரிடம், இறைவன்முன் நீ கேட்டது கேட்டதாகாது என்று சொன்னால், கூடத்தின் நடுவில் அமர்ந்திருந்தும் அவர் வாசலுக்கு வெளியே நிற்பவர் ஆகிவிடுகிறார்.

கருவியைக் குறைசொல்வதற்கு முன் காதை முதலில் பார்க்கலாம். செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் வாங்கி, காக்ளியா என்னும் நத்தைச்சுருளில் இருக்கும் நீர்மத்துக்குள் தள்ளுகின்றன. அதன்பின் நடப்பது வெறும் அதிர்வாக மட்டும் இருக்க முடியாது என்று 1948இல் தாமஸ் கோல்டு வாதிட்டார். நீர்மத்துக்குள் அதிரும் எதுவும் சட்டென்று அடங்கிவிடும். அப்படியிருந்தும் காது ஒலிகளை இவ்வளவு கூர்மையாகப் பிரித்தறிகிறது என்றால், உள்ளிருந்தே ஏதோ ஒன்று ஆற்றலைச் சேர்த்து ஒலியைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துளையில் சிறு மைக்ரோஃபோனை வைத்து, ஒலியைச் செலுத்திய சில மில்லிவிநாடிகளில் காதுக்குள்ளிருந்து வேறோர் ஒலி திரும்பி வருவதைப் பதிவு செய்தார். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று மருத்துவமனைகளில் இன்று சோதிப்பது பெரும்பாலும் இந்த ஒலியைத் தேடித்தான். ஒவ்வொரு காதிலும் சுமார் 12,000 புற மயிரணுக்கள் உள்ளன. அவை குறுகியும் நீண்டும் மெல்லிய ஒலிகளைத் தூக்கிவிடுகின்றன, பெரிய ஒலிகளை அப்படியே விட்டுவிடுகின்றன. அருகில் சுமார் 3,500 அக மயிரணுக்கள் அந்த அதிர்வை மின்குறியாக்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. ஆகவே பெருக்கப்படாத குரலைக் கேட்ட மனிதர் எவரும் இல்லை. மின்சாரமாகாத குரலைக் கேட்டவரும் இல்லை. எதிரொலி கூடாது என்ற விதியை வகுத்த ஞானிகளின் காதுகளும் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளிருந்து ஓர் எதிரொலியை எழுப்பிக்கொண்டுதான் இருந்தன.

வயதாலும் இரைச்சலாலும் கேட்கும் திறன் குறையும்போது பெரும்பாலும் முதலில் மடிவது இந்தப் புற மயிரணுக்கள்தாம். மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும்படி ஆடியாலஜிஸ்ட் கணினியில் அமைத்துக் கொடுக்கும் காதுக்கருவி, மடிந்துபோன அந்த அணுக்களின் வேலையில் ஒரு பங்கைத்தான் வெளியிலிருந்து செய்கிறது. முழு வேலையையும் அதனால் செய்ய முடியாது. அவை தந்த நுட்பமான பிரித்தறிதலைத் திருப்பித் தரும் கருவி எதுவும் இதுவரை இல்லை. குரலைக் கணக்குகளாக்கி மறுபடி ஒலியாக்கும்போது சில மில்லிவிநாடி தாமதம் உண்டாகிறதே, அந்தக் கணம் அறுந்துபோகவில்லையா என்று கேட்கலாம். காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிவிநாடி ஆகிறது. ஆறு மில்லிவிநாடி தாமதம் என்றால் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்ததற்குச் சமம். கருவியோடு முன்வரிசையில் இருப்பவருக்கு, கருவியில்லாமல் கடைசி வரிசையில் இருப்பவரைவிடக் குரல் விரைவாகவே வந்து சேர்கிறது. காதுக்குள் பொருந்தும் கருவிகள் பலவற்றில் காற்றுத்துளை ஒன்றும் விட்டிருப்பார்கள். காதை இறுக்கமாக அடைத்துவிட்டால் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும், அதைத் தவிர்க்கத்தான் அந்தத் துளை. அதன் வழியாகக் குரலின் தாழ்ந்த அலைகள் நேராக உள்ளே வந்து, கருவி பெருக்கித் தரும் உயர்ந்த அலைகளோடு கலக்கின்றன. செவிப்பறையை அடையும் அந்தக் கலவையில் இன்னது குரல், இன்னது சவ்வின் ஒலி என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. புற மயிரணு உடம்பின் பகுதி, படைத்தவன் கொடுத்தது. பிளாஸ்டிக் ஓடும் சில்லும் வெளியே செய்யப்பட்டவை. கேட்கும்படி கட்டளையிடப்பட்டது உடம்பு. எனவே உடம்பின் வாசல்வரை வருவது அசல் குரலாக இருக்க வேண்டும், உள்ளே அது என்னவாக மாறினாலும் கவலையில்லை என்பார்கள். பார்வைக்கு நேர்த்தியான எல்லைதான். ஆனால் நிற்காது. அரித்துப்போன சிற்றெலும்புக்குப் பதிலாக டைட்டானியம் துண்டு வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த செவிப்பறையைத் தம் தசையுறையால் ஒட்டுப்போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதைக் கேட்பதில்லை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. டைட்டானியம் செவிப்பறைக்கு இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் அது காது, இரண்டு சென்டிமீட்டர் வெளியே இருந்தால் அந்நியப் பொருள் என்றால், சமயச் சட்டத்தை அளவுகோல் கொண்டல்லவா எழுதவேண்டியிருக்கும்? காதுக்கென்று தனியே செய்யப்படும் கருவி இந்த எல்லையை இன்னும் குழப்புகிறது. காதுத் துளைக்குள் ஆழத்தில் சிறு ஸ்பாஞ்சை வைத்துத் தடுத்துவிட்டு, சிலிகோன் பசையைச் செலுத்தி அச்செடுக்கிறார்கள். அந்த அச்சிலிருந்து ஓட்டை வடிக்கிறார்கள். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று குறியிடுகிறார்கள், ஏனென்றால் ஒருவரின் வலக்காதுக்குச் செய்தது அவருடைய இடக்காதுக்கே பொருந்தாது. காதின் பின்னால் மாட்டும் வகையையாவது அச்சை மட்டும் மாற்றி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இதை வாரிசுக்கு எழுதிவைக்கவும் முடியாது. உடைமை என்றால் கைமாறக்கூடியது. இதுவோ கைமாறாது, அந்த வகையில் பல்லுக்கும் நகத்துக்கும் நெருக்கமான பொருள். ஆனாலும் ஒவ்வோர் இரவும் கழற்றி மேசைமேல் வைத்துவிடலாம். உடம்பா பொருளா என்ற இரண்டில் ஒன்றில் இதை அடைக்க முயல்வதைவிட, உடம்பின் எல்லையைக் கொண்டு கேட்டலை அளக்கும் முயற்சியைக் கைவிடுவது நல்லது.

எல்லையைக் கைவிட்டால் ஒலிநாடாவில் பதிந்த ஷோஃபாரும் செல்லுபடியாகிவிடுமே என்று அடுத்த மறுப்பு வரும். செல்லுபடியாகாது. பதிவில் ஊதுபவர் அங்கே இல்லை. அவர் மூச்சை நிறுத்தினாலும் ஒலி நிற்காது, இறந்தே போயிருந்தாலும் தொடரும். காதுக்கருவியிலோ அவர் ஊதினால் ஒலி எழுகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது, தடுமாறினால் தடுமாற்றமும் சேர்ந்தே வருகிறது. இந்தக் கணத்தில் இவரைச் சார்ந்து நிற்கும் ஒலி என்பதுதான் குரலின் இலக்கணம். எந்தப் பொருளின் அதிர்வு என்பது அதற்கு அடுத்த கேள்வி. மிஷ்னாவின் குழி விதியை அதன் விரிவுரையான தல்மூத் விளக்கும் இடம் இதற்குத் துணை நிற்கிறது. குழிக்குள் ஊதும்போது, குழியின் விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் எதிரொலிச் சிக்கல். குழிக்குள்ளேயே நிற்பவர்களுக்குக் கடமை நிறைவேறிவிடுகிறது என்று அங்கே சொல்லப்படுகிறது. ஊதல் ஒன்று, குழியும் ஒன்று. கேட்பவருக்கு வந்து சேர்ந்தது தெளிவாக இருந்ததா, கலங்கிப்போனதா என்பதே தீர்ப்பை மாற்றுகிறது. நம் வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் திருக்கோஷ்டியூர் நிகழ்ச்சியும் இந்தக் கேள்வியைத் தொடுகிறது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளை இரகசியமாகப் பெற்ற இராமானுசர், கோயிலில் உயர ஏறி நின்று கூடியிருந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிவிட்டார் என்பது மரபு. வாயும் காதும் நெருங்கியிருந்த நிலையிலிருந்து, தூரத்தையும் காற்றையும் கடந்து போய்ச் சேரும் குரலுக்கு மந்திரம் அங்கே மாறுகிறது. கீழே நின்று கேட்டவர்களுக்கு அது மந்திரம் ஆகவில்லை என்று எந்த ஆசாரியரும் சொன்னதாகத் தெரியவில்லை. வழி நீண்டதால் குரல் பொய்யாகிவிடவில்லை.

ஆனால் தெளிவாக வந்து சேர்ந்ததா என்பதுதான் உரைகல் என்றால், காதுக்கருவி போட்டவர் எல்லாருமே அந்த உரைகல்லில் தேறிவிடுவதில்லை. இங்கேதான் ஆவர்பாக்கின் கண்டிப்பு எனக்குப் பயன்படுகிறது. காதுத் துளையின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதியில் சுரக்கும் குறும்பி காதைக் காப்பது, தானாகவே மெல்ல வெளியே நகர்ந்து உதிர்வது. உள்ளே பொருந்தும் கருவி அந்தப் பாதையை மறித்துக்கொண்டு உட்காருகிறது. குறும்பி போக வழியில்லாமல் கருவியின் ஒலிவாயிலேயே படிகிறது. கருவி ஒரே நாளில் நின்றுபோவதில்லை. முதலில் சகரமும் தகரமும் மங்கும், பிறகு குரல்கள் தூரப்போகும், பேசுகிறவர்கள்தாம் முணுமுணுக்கிறார்கள் என்று கோபம் வரும். பழுதுக்கு வரும் கருவிகளில் பெரும்பங்கு குறும்பியாலும் ஈரத்தாலும் கெட்டவை. அதனால்தான் அன்றாடம் செய்யச் சொல்லும் வேலைகள் அத்தனையும் இவ்விரண்டைச் சுற்றியே இருக்கின்றன. இரவில் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, சிலிக்கா மணிகள் இட்ட உலர்பெட்டியில் வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களின் காற்றும் நம் வியர்வையும் சேர்ந்தால் உலர்பெட்டி இல்லாமல் முடியாது. ராத்திரியில் உலர்ந்துபோன குறும்பியைக் காலையில், ஒலிவாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு சிறு தூரிகையால் தட்டிவிட வேண்டும். மேல்நோக்கித் தேய்த்தால் அழுக்கு உள்ளேயே போகும். தண்ணீரும் ஸ்பிரிட்டும் ஆகவே ஆகாது. குறும்பித் தடுப்பு வடி அடைபட்டவுடன் மாற்ற வேண்டும். குளிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். காதுக்குள் எண்ணெய் விடும் பழைய வழக்கத்தையும் கொண்டை ஊசியால் குடையும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, குறும்பியை மருத்துவரிடம் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பொடி பேட்டரிகளில் மஞ்சள் தாள் ஒட்டியது 10, பழுப்பு ஒட்டியது 312. தாளை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்ட பிறகே உள்ளே வைக்க வேண்டும், ஏனென்றால் துத்தநாகம் காற்றோடு சேர்ந்துதான் மின்சாரம் தருகிறது. குழந்தைகள் விழுங்கிவிடாதபடி அவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். கருவி விசில் அடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் ஓடு காதில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். உடம்பு இளைத்தாலும் வயது ஏறினாலும் காதுத் துளையின் வடிவம் மாறும், அச்சை மறுபடி எடுக்க வேண்டிவரும்.

இதெல்லாம் வெறும் துப்புரவு, இதைச் சமயத்தோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று கேட்பவருக்கு பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினய பிடகத்தைச் சுட்டலாம். துறவிகளுக்குக் காதில் அழுக்கு அடைத்தபோது, அதை எடுக்கும் சிறு கருவியை வைத்துக்கொள்ளப் புத்தர் அனுமதித்தார் என்று சுல்லவக்கம் சொல்கிறது. பொன், வெள்ளி போன்ற ஆடம்பரம் கூடாது. எலும்பு, கொம்பு, மூங்கில் போன்றவற்றால் ஆனதாக இருக்கலாம். மூன்று ஆடையும் ஒரு திருவோடும் போதுமென்று வாழச் சொன்ன ஒழுங்கில் காதுக்கென ஒரு தனிக் கருவிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த மரபின் போதனைகள் பல தலைமுறைகள் எழுத்தில்லாமல், வாய் சொல்லக் காது வாங்கி வந்தவை. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் மாத்தளைக்கு அருகே அளுவிகாரையில்தான் அவை ஏட்டில் ஏறின என்று மரபு கூறுகிறது. அதுவரை ஒரு துறவியின் காது அடைத்துக்கொண்டால் அவர் தலைக்குள் போக வேண்டிய சூத்திரமும் அடைபட்டது. அழுக்கெடுக்கும் மூங்கில் துண்டையும் அறத்தையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பார்க்க அந்த ஒழுங்கை வகுத்தவர்கள் விரும்பவில்லை. காலையில் தூரிகையை எடுக்கும் கை செய்வதும் அதே வகையைச் சேர்ந்த செயல் என்றுதான் நான் கொள்கிறேன். அன்று யாரெல்லாம் தன்னிடம் பேசப்போகிறார்களோ, அவர்களுடைய சொல் கலங்காமல் வந்துசேர அந்தக் கை வழி செய்கிறது. கருவியைப் பெட்டியிலேயே வைத்திருந்து திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து மாட்டுபவருக்கு இந்த வழி திறப்பதே இல்லை. பல ஆண்டுகள் மங்கிய ஒலிக்குப் பழகிய மூளை புதிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்க வாரக்கணக்கில் ஆகும், அதற்கு நாள்தோறும் போட்டுப் பழக வேண்டும். காதுக்கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் 17 சதவீதம் பேரே அதைப் பயன்படுத்துவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை கணித்தது. விலையும் தூரமும் இதற்கு முதற்காரணங்கள். அவற்றைச் சமயவாதம் தீர்க்காது. ஆனால் வாங்கியும் பெட்டியில் கிடக்கும் கருவிகளைப் பற்றி சமயம் பேசலாம், பேச வேண்டும்.

இன்னொரு மறுப்பு எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாகப்படுகிறது. இன்றைய கருவி குரலைப் பெருக்குவதோடு நிற்காமல் தேர்ந்தெடுக்கவும் செய்கிறது. எது பேச்சு, எது இரைச்சல் என்று அதன் சில்லே முடிவு செய்து ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறது. ஏற்ற இறக்கமில்லாமல் நீண்டு நிற்கும் ஒலியை அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கக்கூடும். தூய ஒற்றைச் சுரத்தைத் தன் சொந்த விசில் என்று ஐயுற்று அறுக்கக்கூடும். தம்புராவின் சுருதியும் நாகசுரத்தோடு வரும் ஒத்தும் புல்லாங்குழலின் நீண்ட கார்வையும் இப்படித்தான் சிதைகின்றன. வழிபாட்டில் எதைக் கேட்க வேண்டும் என்பதை வேறு எங்கோ எழுதப்பட்ட கணக்கு தீர்மானிக்கலாமா? காதும் மூளையும் தேர்ந்தெடுக்கத்தான் செய்கின்றன என்று பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கேட்பவரின் கவனம் எதன்மேல் திரும்பவேண்டும் என்பது அவருடைய உரிமை, கருவியின் தேர்வில் அவருக்குப் பங்கில்லாமல் போனால் அது குறைபாடுதான். ஆனால் திருத்தக்கூடிய குறைபாடு. இசைக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தி, இரைச்சல் அடக்கத்தையும் விசில் தடுப்பையும் அதில் தளர்த்தித் தரும்படி கேட்கலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் தாமாகச் செய்து தருவதில்லை, ஏனென்றால் கருவியைப் பேச்சுக்காகவே அமைப்பது வழக்கம். கோயில் இசைக்காகக் காது ஏங்குபவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேட்டலை இவ்வளவு உயர்த்திப் பேசினால், சைகை மொழியில் வாழ்பவர்களைக் குறைத்துப் பேசியதாக ஆகாதா என்று சிலர் கவலைப்படலாம். சைகை மொழி இலக்கணமும் வளமும் உள்ள முழு மொழி. அதில் வேண்டுபவருக்கும் விவாதிப்பவருக்கும் காதுவழிக் கடமை எதையும் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. நான் இங்கே பேசுவது, பேச்சுமொழியில் வளர்ந்து, கேட்கும் திறன் குறைந்தபின்பும் அந்த உலகத்திலேயே இருக்க விரும்புபவர்களைப் பற்றி. அவர்களும் களைத்தபோது கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாக இருக்கலாம். ஓய்வில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்படி எந்த அறமும் விதிக்கவில்லை.

குரல் என்பது பேசுபவரைச் சார்ந்து நிற்கும் ஒலி என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் பேசுபவரும் கடமையிலிருந்து தப்ப முடியாது. முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, கத்தாமல், சற்று நிறுத்திப் பேசினால் போதும். கருவியின் வேலையில் பாதி குறைந்துவிடும். இதற்குப் பேசுபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காதுக்குள் முழுக்க மறையும் சிறிய கருவியை, யார் கண்ணிலும் படக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். அவர்களுடைய கூச்சத்துக்குக் காரணம் நாம் என்பதால் அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் மறைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் தன் பங்கைச் செய்ய வழியில்லாமல் போகிறது, முழுச் சுமையும் அந்தச் சிறு ஓட்டின்மேல் விழுகிறது. வழிபாட்டிடங்களின் பங்கு இன்னும் பெரியது. கூம்பு ஒலிபெருக்கிகளை உச்சத்தில் வைத்துவிட்டால் எல்லாருக்கும் கேட்கும் என்று நம் ஊர்களில் நினைக்கிறார்கள். கருவி போட்டவருக்கு அது மண்டபம் முழுதும் மோதித் திரும்பும் முழக்கமாகவே வந்து சேர்கிறது. மிஷ்னா விலக்கிய அதே எதிரொலி. பிரிட்டனின் பல தேவாலயங்களில் வேறு வழி கையாள்கிறார்கள். கூடத்தைச் சுற்றி ஒரு கம்பிவளையம் ஓடுகிறது. பிரசங்கியாரின் மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் அதில் காந்தப்புலமாகிறது. கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு சுருள் அதை நேராகப் பிடித்துக்கொள்கிறது. பேசுபவரின் வாய்க்கும் கேட்பவரின் கருவிக்கும் இடையில் காற்றின் பங்கு மைக்கோடு முடிந்துவிடுகிறது. ஆவர்பாக்கின் கணக்கில் இது அசல் குரலிலிருந்து மிகமிகத் தள்ளிப்போன ஒலி. கேட்பவரின் அனுபவத்தில், கூடத்தின் இரைச்சல் எல்லாம் விலகி, பேசுபவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும் ஒலி. நம் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அடுத்த ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்தக் கம்பிவளையத்துக்கு ஒதுக்க வேண்டும். கருவி வாங்கப்போகிறவர், மிகச் சிறிய வகைகளில் டெலிகாயிலுக்கு இடமே இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு, காதில் அச்செடுப்பதற்கு முன்பே ஆடியாலஜிஸ்டிடம் அதைக் கேட்டுவிட வேண்டும். ஓடு செய்து வந்தபின் கேட்டுப் பயனில்லை.